அளவெடுக்க வந்தவர்

அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து வாசல் கதவை அளக்கத் தொடங்கியதுமே டிக்கெட் கிளார்க்குக்கு விஷயம் விளங்கிவிட்டது. சந்தேகமே இல்லை. பேராசிரியர் இவர்தான்.

கடலோரத்துப் பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டும் சின்னக் கம்பெனி அது. அன்று காலை கைடுக்குக் குரல் அடியோடு போய்விட்டது. கவுண்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கிளார்க்கை முதலாளி தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இன்னிக்கு நீங்கதான் போறீங்க. கூட்டத்துல கட்டடக்கலைப் பேராசிரியர் ஒருத்தர் வர்றாங்களாம். யாருன்னு காட்டிக்க மாட்டாங்களாம். அவங்களுக்குப் பிடிச்சுதுன்னா காலேஜ் பிள்ளைங்க மொத்தமும் வருஷா வருஷம் நம்மகிட்டதான்."

"பிடிக்கலேன்னா சார்?"

"கவுண்டர்ல உக்கார இடம் கேட்டு என் மச்சான் ரொம்ப நாளா நச்சரிச்சுக்கிட்டு இருக்கான்."

இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. முதலாளியின் மச்சானைக் கிளார்க்குக்கு நன்றாகத் தெரியும். வரும்போதெல்லாம் கவுண்டர் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறவன்.

குரல் போன கைடு தனக்குத் தெரிந்ததை எல்லாம் கையாலேயே சொல்லிக்கொடுத்தார். இரண்டு விரலைக் கால்போல ஊன்றிக் காட்டினார். அது தூண்மேல் கட்டிய வீடு என்று புரிந்தது. பிறகு வயிற்றில் கை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஆடினார். கப்பல் மாதிரி கட்டிய வீட்டைத்தான் சொல்கிறார் என்பது பின்னால்தான் விளங்கியது. அப்போது கிளார்க் அவரைக் கைத்தாங்கலாகக் கழிவறை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பெரிய மரம். ஊரில் யாருக்காவது யாராவது காத்திருக்க வேண்டும் என்றால் அதன் அடியில்தான். கம்பெனியின் சுற்றுலாக் கூட்டமும் அங்கேதான் நிற்கும். போய்ப் பார்த்தால் ஏகப்பட்ட கூட்டம். கிளார்க் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வீடு பாக்க வந்தவங்கல்லாம் என் பின்னாடி வாங்க!" என்று கத்தினார். நாலு பேர் ஓடி வந்தார்கள். குடை பிடித்த ஓர் அம்மாள், குசுகுசுத்துக்கொண்டே இருந்த ஓர் இளம் ஜோடி, இந்த டேப்காரர்.

இப்போது முதல் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். ஆள் உயரத் தூண்கள்மேல், சாய்ந்த ஓட்டுக் கூரையோடு நிற்கும் மர வீடு.

"மூணடி கூட இல்லையே" என்றார் டேப்காரர், கதவின் அகலத்தைப் பார்த்து.

"அந்தக் காலத்து ஆளுங்க ஒல்லி சார்."

"சரி, பீரோ எப்படி உள்ள போச்சு?"

பரீட்சை ஆரம்பித்துவிட்டது. தெரியாது என்று சொன்னால் நாற்காலியில் மச்சான். கிளார்க் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "கூரையைப் பிரிச்சு இறக்குனாங்க சார்."

"அப்ப வெளிய எடுக்கணும்னா?"

"மறுபடியும் கூரையைப் பிரிக்கணும் சார்."

டேப்காரர் கூரையையே அண்ணாந்து பார்த்தார்.

குடை அம்மாள் கேட்டாள். "இங்க தண்ணி வருமா?"

அப்பாடா, இது தெரிந்த கேள்வி. "வரவே வராதும்மா! ஒரு சொட்டு வராது. அதுக்குத்தானே இத்தனை உசரத்துல தூண் நட்டுக் கட்டியிருக்காங்க!"

"ஒரு சொட்டு கூடவா?"

"கடலே பொங்கி வந்தாலும் தெருவோட சரி. நான் உத்தரவாதம்."

அம்மாளின் முகம் தொங்கிப்போனது. "அடுத்த வீட்டைப் பாக்கலாம்" என்றாள்.

எங்கே தப்பு செய்தோம் என்று தெரியாமல் கிளார்க் முன்னால் நடந்தார். இளம் ஜோடியின் குசுகுசுப்பில், "இவரு நல்லதையே சொல்ல மாட்டாரா?" என்ற ஒரு வரி மட்டும் காதில் விழுந்தது. சரி, இனி எதற்கும் மறுப்பு சொல்லக் கூடாது, கேட்பதற்கெல்லாம் ஆமாம் போட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். அந்த முடிவுதான் அவரைக் கவிழ்த்தது.

அடுத்தது கப்பல் வீடு. மூலைகள் எல்லாம் வளைவாக, சுவரில் வட்ட ஜன்னல்கள், மாடியில் கப்பலின் மேல்தளம் போலக் கம்பி போட்ட பால்கனி. வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்து, "முன்னறையோட சரி. உங்க கம்பெனியோட எப்பவும் அதுதான் பேச்சு" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"கடல்காத்து முட்டி நிக்காம வழுக்கிக்கிட்டுப் போகத்தான் மூலையை எல்லாம் வளைச்சுக் கட்டியிருக்காங்க" என்று கிளார்க் தொடங்கினார். கேட்பதற்கு யாரும் இல்லை. ஜோடி படுக்கையறைக்குள் போய்விட்டது. சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. டேப்காரர் நடுச்சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சுவரை எடுத்துட்டா ஹால் பெருசாயிடும் இல்ல?"

"ஆமா சார். தாராளமா எடுக்கலாம் சார்."

"ஆணி அடிக்கலாமா?"

"எவ்வளவு வேணும்னாலும் சார்."

வீட்டுக்கார அம்மா இடுப்பில் கை வைத்தாள். "யாரு வீட்டுச் சுவரை யாரு எடுக்கறது? அங்க என்னடான்னா ஒரு பொம்பளை என் குளியலறைக் கதவைத் திறந்து மோந்து பாக்கறா!"

கிளார்க் அவளை ஓரமாக அழைத்துப்போய்க் காதோடு சொன்னார். "சத்தம் போடாதீங்கம்மா. டேப் வச்சிருக்கறவரு பெரிய பேராசிரியர். இது ஆராய்ச்சி."

ஒரே நொடியில் அம்மாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் படித்தவர் ஒருவர் தன் வீட்டை ஆராய வந்திருக்கிறார்! பூட்டியிருந்த அறைகளை எல்லாம் அவளே திறந்துவிட்டாள். டேப்காரரின் கையைப் பிடிக்காத குறையாக மாடிப்படிக்கு அடியில் கூட்டிப்போய், "இங்க பாருங்க சார், மழை பெஞ்சா இந்த இடத்துல ஊறுது. ஏன்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

டேப்காரர் கிளார்க்கிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "இவ்வளவு நேர்மையா குறையைச் சொல்ற வீட்டுக்காரங்களை நான் பாத்ததே இல்லைங்க."

பாராட்டா, திட்டா? கிளார்க் இரண்டுக்கும் பொதுவாகத் தலையை ஆட்டினார்.

அப்போதுதான் குடை அம்மாள் சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"எனக்குப் புடிச்சிருக்கு. தண்ணி கொட்டுது. நீங்க எப்பம்மா காலி பண்றீங்க?"

வீட்டுக்கார அம்மாவின் குரல் தெருவுக்கே கேட்டது. "நான் எதுக்குடி காலி பண்ணணும்? என் வீட்டுக்காரர் கல்லு கல்லா பாத்துக் கட்டுன வீடு!"

"பின்ன எதுக்கு ரூம் ரூமா தொறந்து காட்டுனீங்க?"

நாலு பேரும் ஒரே நேரத்தில் கிளார்க்கைப் பார்த்தார்கள். கிளார்க் பேந்தப் பேந்த விழித்தார். "நீங்கல்லாம்... வீடு பாக்கத்தானே வந்தீங்க?"

"ஆமா. வாடகைக்கு வீடு பாக்க" என்றார் டேப்காரர். "நீங்க புரோக்கர்தானே? மரத்தடில நில்லுங்கன்னு போன்ல சொன்னீங்களே."

"சார், நீங்க பேராசிரியர் இல்லையா?"

"நான் பல்லு டாக்டர்ங்க. எங்க வீட்டு பீரோ பெருசு, அதான் டேப்."

கிளார்க் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். பல் டாக்டர் தன் போனை எடுத்து அந்தப் புரோக்கரைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"சொல்லுங்க" என்றது ஓர் உற்சாகக் குரல். "வீடா? இப்பதான் ஒரு பெரிய கூட்டத்தைக் கூட்டிக்கிட்டுச் சுத்தறேன். மரத்தடில வீடு பாக்கணுமான்னு கேட்டேன், எட்டுப் பேரும் துள்ளிக்கிட்டு வந்துட்டாங்க. சேதி கேளுங்க, இவங்க வாடகையே கேக்கலைங்க. அழுக்குச் சுவத்தைப் பாத்துக் கை தட்டறாங்க! அரிசி மண்டிக்குப் பின்னாடி சந்துல இருக்கேன்."

பேராசிரியர் அங்கே இருக்கிறார். அரிசி மண்டிக்குப் பின்னால், யாரோ ஒரு புரோக்கரோடு, ஒழுகும் வீடுகளைப் பார்த்துக்கொண்டு.

கிளார்க் ஓடினார். பள்ளிக்கூடம் விட்டபிறகு அவர் இப்படி ஓடியதில்லை. செருப்பு ஒன்று தெருமுனையில் கழன்று போனது. எடுக்க நிற்கவில்லை. மன்னிப்பு எப்படித் தொடங்குவது என்று யோசித்தார். 'ஒரு சின்னக் குழப்பம்' என்றா? எட்டுப் பேரைத் தொலைத்தது எந்தக் கணக்கில் சின்னது? வீட்டில் மனைவியிடம் என்ன சொல்வது? வேலை போச்சு என்றால் கூடத் தாங்குவாள். ஏன் போச்சு என்று சொன்னால் சிரிப்பாள். அதைத் தாங்க இவரால் முடியாது.

சந்துக்குள் திரும்பியவர் அப்படியே நின்றார். முதலாளியின் ஸ்கூட்டர் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. கூட்டம் எப்படிப் போகிறது என்று பார்க்கக் கிளம்பியவர், தன் சுற்றுலாக் கூட்டத்தை இந்தச் சந்தில் கண்டுவிட்டார் போலிருக்கிறது. காரை பெயர்ந்த ஒரு மூன்று மாடி வீட்டின் முன்னால், புரோக்கரையும் கிளார்க்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க எங்கய்யா போனீங்க? இந்த ஆளு யாரு?"

கிளார்க்குக்கு மூச்சு வாங்கியது. "சார்... நான்... மரத்தடில..."

கூட்டத்திலிருந்து ஒல்லியான, நரைத்த தலை அம்மையார் ஒருவர் முன்னால் வந்தார். கால் நிறையத் தூசி. "இந்தக் கம்பெனி முதலாளி நீங்கதானா? நான்தான் அந்தப் பேராசிரியர்" என்றார்.

கிளார்க் கண்ணை மூடிக்கொண்டார். மச்சான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மேஜை விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வது தெளிவாகத் தெரிந்தது.

"அம்மா, நடந்தது என்னன்னா..." என்று முதலாளி இழுத்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார் பேராசிரியர், புரோக்கரைக் கை காட்டி. "எல்லா ஊர்லயும் கைடுங்க தூணையும் வளைவையும்தான் காட்டுவாங்க. காத்து எந்தப் பக்கம் அடைக்குது, மழை எந்த மூலைல இறங்குது, மத்தியானம் எந்த ரூம்ல படுக்கவே முடியாது, இதையெல்லாம் காட்டுன முதல் கைடு உங்க ஆளுதான். பிள்ளைங்க மொத்தப் பேரையும் அனுப்பறேன், இவரேதான் வரணும். ஒரே ஒரு சந்தேகம்: சுத்திக் காட்டுனதுக்கு ஒரு மாச வாடகை குடுங்கன்னு கேக்கறாரே, அது தலைக்கா, இல்ல மொத்தக் கூட்டத்துக்குமா?"