சுண்டுவிரல் முளைத்த பாலன்

பாசமுள்ள அக்காவுக்கு உன் தம்பி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் என் மனைவியும் அவளுடைய மூட்டுவலியும் சுகம். அங்கே நீயும் அத்தானும் அவருடைய சில்லிட்ட பாதங்களும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். அவருக்காக நான் அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்து சேர்ந்திருக்கும்.

அக்கா, ஆபத்து தாண்டிவிட்டதால் இப்போது சொல்கிறேன். அம்மா உன்னிடம் கொடுத்து, நீ "பத்திரம்டா" என்று என்னிடம் ஒப்படைத்த குழந்தை இயேசு சொரூபத்தை நான் தொலைத்துவிட்டேன். பதறாதே, கிடைத்துவிட்டது. நம் வீட்டு வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் முழுக்கக் குடிலில் பாலன் இருக்கக்கூடாது, எங்காவது ஒளித்து வைத்து, பிறப்பு விழாவன்றுதான் கிடத்த வேண்டும். முதல் மெழுகுவர்த்தி ஏற்றிய ஞாயிறு நானும் ஒளித்தேன். அடுத்த ஞாயிறு யோசித்தால் எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை! முப்பத்தொரு வருஷம் தபாலாபீஸ் பார்சல் பிரிவில் ஒரு பொட்டலம் தவறவிடாதவன் நான். இந்த விழாவுக்கு நீ வேறு வந்து உன் கையால் கிடத்தப்போகிறாய். எனக்குச் சோறு இறங்குமா? அரிசி டப்பா, மருந்துப் பெட்டி, பரண் எல்லாம் கவிழ்த்தாயிற்று. தொலைந்ததைத் தேடித்தரும் அந்தோனியாரிடம் அழுதேன். அவர் போன வருஷம் தொலைந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். உன் தம்பி பெண்டாட்டியோ என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

கடைசியில் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யவே போய்விட்டேன். "சாமி, ஆண்டவரைத் தொலைச்சிட்டேன்" என்றதும் பங்குச்சாமி, விசுவாசம் தளர்வது சகஜம் என்று கால்மணி நேரம் ஆறுதல் சொன்னார். விஷயத்தை விளக்கினேன். "இது காத்திருக்கிற காலம்ங்க, பரணைக் குடையற காலம் இல்ல. பேசாம வீட்டுக்குப் போங்க" என்றார். வழியெல்லாம் அதே நினைப்பு. இத்தனை வருஷமும் பாலன் எந்த அலமாரியில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டே காத்திருந்தேனே, அது ஒரு காத்திருப்பா? வருவாரோ மாட்டாரோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது இந்த வருஷம்தான்.

இன்று காலை சட்டைக்குப் பொத்தான் தேடினால், பொத்தான் டப்பாவுக்குள் பாலன் படுத்துச் சிரிக்கிறார்! அப்பாடா என்று அங்கேயே முழங்காலிட்டேன். இன்னும் கேள். சின்ன வயதில் நீ சொரூபத்தைக் கீழே போட்டு உடைத்தாயே அந்தச் சுண்டுவிரல், அது முழுசாக முளைத்திருக்கிறது! அற்புதம் அக்கா. பங்குச்சாமிக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன், சாயங்காலம் வருகிறார்.

உங்கள் இருவரையும் மாதா தன் முந்தானையில் முடிந்து காப்பாளாக.

இப்படிக்கு,
கவலை தீர்ந்த உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதை உன் தம்பி பெண்டாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, நீங்க சாப்பிடாம அலையறதப் பார்க்க முடியாம புதுசா ஒண்ணு வாங்கி நான்தாங்க பொத்தான் டப்பால வச்சேன். வாயத் திறந்தா உளறிடுவேன்னுதான் இத்தனை நாளா பேசல. விரல் முளைச்சிடுச்சுன்னு ஊரைக் கூட்டுவீங்கன்னு நான் கண்டேனா?" என்கிறாள். இவளைக் கட்டிக்கொள்ள நான் என்ன புண்ணியம் செய்தேனோ! "அப்போ நம்ம பாலன் எங்கடி?" என்று கேட்ட வாய் மூடவில்லை, எனக்கு நினைவு வந்துவிட்டது. மெத்தென்று இருக்கட்டும் என்று அத்தானுக்கு வாங்கிய கம்பளிக் காலுறைக்குள்தான் வைத்தேன். என் கையாலேயே கட்டி, எடைபோட்டு, உன் விலாசத்தையும் எழுதியிருக்கிறேன். அத்தானை அவசரப்பட்டுக் காலை விடவேண்டாம் என்று சொல். இந்த வருஷம் பாலன் முதலில் உன் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறார், வரும்போது கூட்டிக்கொண்டு வா.