கோபித்துக்கொண்டு போனவருக்குப் பன்னிரண்டு பாடங்கள்

புந்தோங், ஈப்போ.
14.10.1984

தெலுக் இந்தானில் அச்சகம் நடத்தி வருபவரும், என் மனைவியின் ஒரே தம்பியும், என் மரியாதைக்குரிய மைத்துனருமான திரு. அர்ச்சுனன் அவர்களுக்கு, சுங்கை சிப்புட் பக்கத்துத் ரப்பர்த் தோட்டமொன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் கணக்கெழுதும் கிராணியாக இருந்து சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற ஐயாவு கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்கா நல்லம்மாளும் உடல்நலத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கு தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் அச்சு இயந்திரமும் அவ்வண்ணமே இருக்க ஈப்போவில் உள்ள எல்லாத் தெய்வங்களையும் வேண்டுகிறோம். நிற்க.

என் புத்தகத்தை அச்சடிப்பது பற்றிய தங்கள் அஞ்சலட்டை கிடைத்தது. 'தலைப்பை முடிவு செய்து தெரிவிக்கவும்' என்று ஒரே ஒரு வரி. சென்ற மாதம் வந்த அட்டையிலும் அதே வரிதான், அதற்கு முந்தியதிலும் அதே வரிதான். ஐந்து வருடமாக எங்கள் வீட்டுப் படி மிதிக்காத தம்பி ஒரு வரியாவது எழுதுகிறானே என்று உங்கள் அக்கா அந்த அட்டைகளைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். மச்சான், 'தாங்கள்' என்று எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது. இனி 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஏற்கெனவே கோபத்தில் இருப்பவன் புதிதாக என்ன கோபித்துக்கொள்ளப் போகிறாய்?

எங்கள் மூத்தவள் கல்யாணத்தன்று நீ வந்த பஸ் பீடோரில் கெட்டு நின்றதும், முகூர்த்தம் தவறப் போகிறது என்று தாய்மாமன் இடத்தில் உன் சித்தப்பா மகன் பத்துமலையை நிறுத்திப் பெண்ணை மணவறைக்கு அழைத்து வரச் செய்ததும், நீ சீர்த் தட்டோடு வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்பிப் போனதும் பழைய கதை. அதை நான் இந்தக் கடிதத்தில் எடுக்கப் போவதே இல்லை. அப்போதே உன் அக்கா சார்பில், தோட்ட நிர்வாகமே மெச்சும் நடையில், இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். கார்பன் நகல் இன்றும் என் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. நீதான் பதில் போடவில்லை. போகட்டும், இப்போது விஷயம் பாடம்.

பத்திரிகையைப் பிரித்தால் தபால் வழிப் பாட விளம்பரமாக இருக்கிறது. ஜோதிடத்தைத் தபாலில் கற்றுக்கொடுக்கிறார்கள், தையலைத் தபாலில் கற்றுக்கொடுக்கிறார்கள். தபால் எழுதவே தபாலில் கற்றுக்கொடுக்க ஒருவரும் இல்லை. அதற்கு என்னை விட்டால் யார்? தோட்டத்தில் இருநூறு குடும்பத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த கை இது. கல்யாணம், சாவு, தண்ணீர்க் குழாய் எதுவானாலும் முதல் பக்கம் ஒன்றுதான், இரண்டாம் பக்கத்தில்தான் ஆளுக்குத் தக்கபடி மாற்றுவேன். ஆகவே 'கடிதக் கலை முழுவதும்' என்று தலைப்பு வைத்து நாற்பத்தெட்டுப் பாடம் திட்டமிட்டேன். முன்னுரையே நாற்பது பக்கம் வந்தது. உன் அக்கா நெத்திலி கிள்ளிக்கொண்டே, இதெல்லாம் யாருக்கு என்று கேட்டாள். தமிழ் தெரிந்த எல்லாருக்கும் என்றேன்.

"எல்லாருக்கும்னா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. பால்மரத்துல ஒரு கோடுதான் போடணும். மரம் பூரா கீறி வச்சா பால் வராது, மரந்தான் சாவும்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு யோசித்தால் அவள் சொல்வது சரியாகப் பட்டது. இருபத்திரண்டு வருடம் மரம் கீறிப் பால் எடுத்தவள் அவள். நான் அவள் கொண்டுவந்த பாலை நிறுத்துப் புத்தகத்தில் எழுதியவன், அவ்வளவுதான்.

பிறகு 'விடுப்பும் மனுவும்' என்று சுருக்கி, பாடத்தைச் சோதித்துப் பார்க்கப் பக்கத்து வீட்டு முத்தம்மாவுக்கு மலாயில் ஒரு மாதிரி விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். காலில் அடிபட்டதால் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று இருக்கும். முத்தம்மா அதைத் தன்னோடு துணி ஆலையில் வேலை செய்யும் மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறாள். நால்வரும் ஒரு எழுத்து மாற்றாமல் பார்த்தெழுதி ஒரே நாளில் நீட்டியிருக்கிறார்கள். மேற்பார்வையாளர் நால்வரையும் நடந்து காட்டச் சொன்னாராம். நால்வரும் நொண்டினார்களாம், ஆனால் போகும்போது ஒரு கால், வரும்போது இன்னொரு கால். அன்றிலிருந்து முத்தம்மா எங்கள் வீட்டுக்குக் கறிவேப்பிலை கொடுப்பதில்லை.

அதையும் விட்டுவிட்டு 'உறவினர் கடிதங்கள்' என்ற முடிவுக்கு வந்தேன். மாமியாருக்கு இரண்டு பாடம், மருமகனுக்கு மூன்று பாடம், சம்பந்திக்கு ஐந்து பாடம். உன் அக்கா அதையும் கேட்டாள்.

"நல்லா இருக்கிற சொந்தத்துக்கு எதுக்குங்க பாடம்? பஸ் ஏறிப் போயி பாத்துட்டு வந்துரலாம். கோவிச்சிக்கிட்டுப் போனவங்களுக்குத்தான் என்னா எழுதுறதுன்னு தெரிய மாட்டேங்குது" என்றாள்.

மச்சான், நான் எழுந்து நின்றுவிட்டேன். என்ன வியாபார மூளை! உடனே தெருவில் இறங்கிக் கணக்கெடுத்தேன். எங்கள் வரிசையில் பதினோரு வீடு. அதில் ஒன்பது வீட்டில் யாரோ ஒருவர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார். ஏழாம் எண் வீட்டுக்காரரும் எட்டாம் எண் வீட்டுக்காரரும் அண்ணன் தம்பி, ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம், ஆளுக்கொரு பிரதி வாங்கித்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பாடத்தைச் சோதிக்க மாணவி வேண்டுமே என்று விழித்தபோது, நானே படிக்கிறேன் என்று உன் அக்கா ஒரு பயிற்சிப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். உனக்கே தெரியும், தோட்டத்துப் பள்ளியில் இரண்டு வருடம் படித்தவள். வீட்டிலேயே கிராணி இருந்ததால் ஒரு கடிதமும் சொந்தமாக எழுதியதில்லை. இரண்டு மாதம், தினமும் மத்தியானம், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எழுதினாள் என்பதைவிட, என்னைத் திருத்தினாள் என்பதே சரி. முதல் பாடத்தில் நான் வைத்திருந்த பெரிய வணக்கத்தைப் பார்த்துவிட்டு, கோபமாக இருப்பவனுக்கு இப்படி எழுதினால் கிண்டல் செய்வதாக நினைக்க மாட்டானா என்றாள். நல்ல கேள்வி என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன். நான்காம் பாடத்தில் நம் பக்கத்து நியாயங்கள் ஆறு கொடுத்திருந்தேன். ஆறையும் அடித்துவிட்டாள். நியாயம் சொல்லவா கடுதாசி போடுகிறோம் என்று கேட்டாள். மூன்று பக்கம் இருந்த என் மாதிரிக் கடிதம் அவள் கை பட்டு மூன்று வரியாகிவிட்டது. அந்த மூன்று வரியைப் படித்தபோது எனக்கே யாரிடமாவது போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது, ஆனால் யாரிடம் என்றுதான் தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இவளுக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. பெருமையாக இருக்கிறது மச்சான்.

ஆகவே தலைப்பு முடிவாகிவிட்டது. 'கோபித்துக்கொண்டு போன உறவினருக்குக் கடிதம் எழுதுவது எப்படி? பன்னிரண்டு பாடங்கள்.' இனி மாற்றமே இல்லை. ஐந்நூறு பிரதி, நீல அட்டை, தீபாவளிக்குள் வேண்டும். ஆசிரியர் ஐயாவு, கிராணி (ஓய்வு) என்று போட்டு, அதன் கீழே நல்லம்மாள் என்று அதே அளவு எழுத்தில் போடவும். சின்ன எழுத்தில் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். உன் இயந்திரத்தில் தாள் சிக்காமல் ஓடட்டும், உன் வாசலில் நல்ல காரியங்களே அச்சுக்கு வந்து நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மச்சான்,
ஐயாவு

உன் அக்காவிடம் உறை ஒட்டக் கொடுத்தால், அடியில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறதே, பயிற்சிக்கு எழுதிப் பார்க்கிறேன், நீங்கள் பார்க்கக்கூடாது என்கிறாள். நம் முதல் மாணவியின் கையெழுத்தை நீயே பார்த்துக்கொள்.

பி.கு.

தம்பி, நான் அக்கா எழுதுறேன். பொஸ்தகம் அச்சடிக்க வேணாம். கல்யாணம் முடிஞ்சி உனக்கு வந்த கடுதாசி நான் சொன்னது இல்ல. நான் ஒரு வரிதான் சொன்னேன், உன் மச்சான் ரெண்டு பக்கம் எழுதுனாரு. அதுல என்னா இருக்குன்னு அஞ்சு வருசமா எனக்குத் தெரியாது. இப்பதான் அந்த நகலை எடுத்து எழுத்துக் கூட்டிப் படிச்சேன். வேலைக்கு வராத ஆளுக்கு எழுதுற மாதிரி, ஏழு நாளைக்குள்ள விளக்கம் குடுன்னு எழுதியிருக்காரு. அவருக்கு அப்படித்தான் எழுதத் தெரியும், வையாதே. நான் சொன்ன வரியை இப்ப நானே எழுதுறேன்.

சாப்பிடாம போயிட்டியேடா, வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ.