விசாரித்துவிட்டுப் பெறவிருந்த குழந்தை

உலகில் இதுவரை பிறந்த குழந்தைகள் அனைத்தும் போதிய விசாரணையின்றிப் பிறந்தவை. சகல உரிமைகளையும் முன்கூட்டியே கேட்டறிந்து பெறப்படும் முதல் குழந்தையை மனித குலத்துக்கு வழங்கும் பொறுப்பு, ஒரகடத்தில் வாடகை அறையில் குடியிருந்த நம்பிராஜனிடம் வந்து சேர்ந்தது.

நம்பிராஜன் தென்காசிப் பக்கத்துக்காரன். கார் உதிரிபாக ஆலையில் தரப் பரிசோதகன். கைக்கு வந்த பாகத்தைத் திருப்பிப் பார்க்காமல் அடுத்தவரிடம் தள்ளியதே கிடையாது. அதே ஆலையில் காண்டிராக்டில் வயர் கட்டும் அவன் மனைவி பேச்சிக்கு, குழந்தை வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "முதல்ல நமக்கு என்னென்ன உண்டுன்னு தெரிஞ்சுக்கிடுவோம்" என்பான் அவன்.

விசாரித்த இடத்தில் வயிற்றில் பால் வார்த்தார்கள். பிரசவத்துக்கு இருபத்தாறு வாரம், முழுச் சம்பளத்தோடு விடுப்பு. ஆனால் சில மாதங்களாவது ஒரே நிறுவனத்தின் பெயரில் வேலை பார்த்திருக்க வேண்டும். இங்கேதான் நிர்வாகத்தின் மேதைமையை நாம் எழுந்து நின்று பாராட்ட வேண்டும். அந்தச் சில மாதங்கள் முடிவதற்குள் காண்டிராக்டர் புருஷோத்தமன் தன் நிறுவனத்தின் பெயரை மாற்றிவிடுவார். அதே மேசை, அதே மின்விசிறி, அதே புருஷோத்தமன். பெயர்ப்பலகை மட்டும் வேறு. பெண்கள் சனிக்கிழமை வேலையிலிருந்து நின்று திங்கட்கிழமை 'புதிதாக'ச் சேர்வார்கள். பேச்சி ஆறு வருடமாகப் புதியவள். ஒவ்வொரு முறையும் ரோஜாப்பூ கொடுத்து வரவேற்று, வயர் என்றால் என்ன என்று வகுப்பு எடுப்பார்கள். போன முறை வகுப்பு எடுத்த பெண்ணுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே பேச்சிதான்.

நம்பிராஜன் அசரவில்லை. எந்தப் பெயர் கொஞ்சம் நீடித்து நிற்கும் என்று தெரிந்தால் அதற்குள் குழந்தையைப் பொருத்திவிடலாமே என்று நேராகப் புருஷோத்தமனிடமே போய்க் கேட்டான்.

அவர் நெகிழ்ந்துபோனார். எழுந்து கைகொடுத்தார். "இன்னாபா, இப்டி முன்னாடியே கேட்டுக்கினு பண்ற ஆளை நான் பாத்ததே இல்ல" என்றார். டீகூட வந்தது.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பேச்சியின் அட்டைக்குக் கேட் திறக்கவில்லை. அவளுடைய நலன் கருதி 'ஓய்வு' அளிக்கப்பட்டிருந்தது. இல்லாத குழந்தைமேல் இத்தனை அக்கறை காட்டும் நிர்வாகம் வேறு எந்த நாட்டிலாவது உண்டா?

நம்பிராஜன் பதறி ஓடினான். அப்படி ஒன்றும் இல்லை, சும்மாதான் கேட்டேன் என்றான். கர்ப்பம் இல்லை என்று நிரூபித்துவிட்டால் அடுத்த பெயரில் சேர்த்துக்கொள்வதாகப் புருஷோத்தமன் பெருந்தன்மையோடு அறிவித்தார். முதலுதவி அறையில் நர்ஸ் பரிசோதனை அட்டையோடு தயாராக இருந்தாள்.

பேச்சி தைரியமாகத்தான் உள்ளே போனாள். அட்டையில் இரண்டு கோடுகள் விழுந்தன. திட்டம் இன்னும் விசாரணை நிலையில் இருப்பதைக் குழந்தைக்கு யாரும் தெரிவிக்கவில்லை போலும்.

நம்பிராஜனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் வாயாலேயே அவள் வேலைக்கு உலை வைத்துவிட்டோமே என்ற வெட்கத்தில் அவளை நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை.

"சார், அப்ப லீவு?" என்றான்.

"லீவு தாராளமா கீதுபா. ஆனா உன் சம்சாரம் இப்ப இங்க வேலைல இல்லியே."

பேச்சி முன்னால் வந்தாள்.

"ஆறு வருசத்துல என்னைய எத்தன வாட்டி புதுசா பெத்தெடுத்தீங்க சார். எம்புள்ள ஒரே ஒரு வாட்டி பொறக்கதுக்குத்தான் ஒங்க கம்பெனியில எடமில்லையாக்கும்?"

புருஷோத்தமன் அடுத்த டீக்குச் சொல்லி அனுப்பினார்.

அந்த இருபத்தாறு வார விடுப்பு ஆலையில் இன்றும் கசங்காமல், புத்தம் புதிதாக இருக்கிறது. இதுவரை ஒரு தாயின் கைகூட அதன்மேல் பட்டதில்லை. தாயாகப் போகிறவர்களையெல்லாம் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, நிர்வாகம் அதை அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றி வருகிறது.