மூன்று நாவல்களிலும் செத்துப்போன மாமனார் எழுதுவது

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் யாரையும் வைத்து எழுதாமல் தன் கையாலேயே எழுதுகிற கடிதம். இவ்விடம் நானும் உங்கள் அத்தையும் நலமாக இருக்கிறோம். உங்கள் புத்தகங்களில்தான் நான் நலமாக இல்லை. மூன்றிலும் செத்துவிட்டேன். அவ்விடம் உங்கள் நலத்தையும் என் மகளின் நலத்தையும் அறிய ஆவல் என்று எழுதுவது முறை என மாலை வகுப்பு டீச்சர் சொல்லிக்கொடுத்தார். உங்கள் நலத்தை முறைக்காகக் கேட்கிறேன். மகளின் நலத்தை உண்மையாகவே கேட்கிறேன். காரணம் பின்னால் வரும். நான் மெதுவாகத்தான் எழுதுவேன், நீங்களும் அவசரப்படாமல் படியுங்கள்.

முதலில் நல்ல செய்தி. எனக்குப் படிக்கத் தெரிந்துவிட்டது. காலமெல்லாம் அடுத்தவர் வீட்டுச் சாமானை வண்டியில் ஏற்றி இறக்கியவன், முதுகு இனி முடியாது என்று சொன்ன பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், நூலகத்தின் பின்னறையில் நடக்கிற வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இப்போது தெருவில் இறங்கினால் சுவரெல்லாம் என்னோடு பேசுகிறது. நான் பல காலமாக ஒதுங்கி நின்ற ஒரு சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் போன மாதம்தான் படித்தேன், அதை இங்கே எழுத முடியாது. ஔ என்ற எழுத்துக்காக மிகவும் கஷ்டப்பட்டேன். அவ்வளவு கஷ்டப்பட்டுக் கற்ற எழுத்து உங்கள் மூன்று புத்தகத்திலும் நான் படித்த வரைக்கும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது, 'ஔஷதம்' என்று. அந்த ஔஷதத்தையும் எனக்கு நேரத்தில் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

எதைப் படிக்க ஆசை என்று டீச்சர் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. கல்யாணப் பேச்சின்போது தரகர், "மாப்பிள்ளை எழுத்தாளருங்க, பெரிய கம்பெனியே அவர் எழுத்தை அச்சடிக்குது" என்று சொன்னாரே, அது மனதில் இருந்தது. எழுத்தறியாதவன் மேற்கொண்டு எதைக் கேட்பது என்று அன்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது நூலகத்து அம்மாவிடம் போய் உங்கள் பெயரைச் சொன்னேன். "மூணு இருக்கு, மூணும் நாவல். எது வேணும்?" என்றார். மூன்றையும் வாங்கி வந்தேன். பின்னட்டைப் படத்தின் மேல் நூலகச் சீட்டை ஒட்டிவிட்டார்கள், மூக்குக்குக் கீழேதான் தெரிந்தது. மீசை உங்கள் மீசைதான்.

பச்சை அட்டைப் புத்தகத்தில் ஒரு மாமனார் வருகிறார். இரண்டு நாளைக்கு என்று மகள் வீட்டுக்கு வந்து கிளம்பாமல் தங்கிவிடுகிறார், தேநீரைத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி உறிஞ்சுகிறார். நான் வாய்விட்டுப் படிக்கப் படிக்க உங்கள் அத்தை, "அது நீங்கதான்" என்று சொல்லிவிட்டார். நானும் சந்தோஷப்பட்டேன், அச்சில் வருவது எல்லோருக்கும் கிடைக்கிற கொடுப்பினையா. அந்த மனிதர் குளியலறைக்குப் போகிறார். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் அல்லவா, வ, ழு, க் என்று வந்தபோது உங்கள் அத்தை சாப்பிடக் கூப்பிட்டார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. மனிதர் அந்தரத்தில் நிற்கிறார், இவர் சோறு ஆறுகிறது என்கிறார். மற்றவர்கள் படித்தால் அவர் ஒரு நொடியில் விழுந்து போய்ச் சேர்ந்திருப்பார், என்னிடம் மாட்டிக்கொண்டதால் அவர் விழுந்து முடிக்க ஒரு மாலைப்பொழுது ஆகிவிட்டது. அவ்வளவு நேரமும் மருமகன் பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, சும்மா சொல்கிறேன்.

இரண்டாவது புத்தகத்தின் அட்டையில் ஒரு ஜன்னல். உள்ளேயும் அதே ஜன்னல்தான். முதல் பக்கத்தில் பிடித்த மழை கடைசிப் பக்கம் வரை விடவில்லை, ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், ஒருத்தரும் எழுந்து ஜன்னலைச் சாத்தவில்லை. மர நாற்காலியெல்லாம் ஊறிப் போயிருக்கும். நடுவில் ஓர் ஆள் தனியாக ஓர் இரும்பு அலமாரியை மாடிக்குத் தூக்கிப்போய் வைத்துவிட்டு, அடுத்த வரியிலேயே மூச்சு வாங்காமல் ஒரு பெண்ணிடம் வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறான். அலமாரி தூக்கியவன் வாழ்க்கையைப் பற்றிப் பேசமாட்டான் மாப்பிள்ளை, தண்ணீர்தான் கேட்பான். இந்தக் கதை தொடங்கும்போதே மாமனார் செத்து, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறார். அதை உங்கள் அத்தையிடம் சொன்னேன்.

"போட்டோவாவது நல்லா விழுந்திருக்கா?"

"கோணலா தொங்குதுன்னு போட்டிருக்கு."

"யாராச்சும் நேராக்கி வைக்கிறாங்களா?"

"இல்ல. அதையும் அவன் பாத்துக்கிட்டேதான் இருக்கான்."

"நல்ல குடும்பம்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதுவரை எழுதியதில் உங்களுக்கு வருத்தம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். படித்தவன் மனதில் பட்டதைச் சொல்லவேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். மூன்றாவது புத்தகத்துக்குத்தான் இந்தக் கடிதமே.

கறுப்பு அட்டை. இது நல்ல புத்தகம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. இதில் அடியில்லை, சண்டையில்லை, யாரும் யாரையும் கெட்ட வார்த்தை சொல்லவில்லை. ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. அவன் ஓர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறான். அவள் ஏதாவது கேட்டால் "ம்" என்கிறான். நாள் போகப் போக அவள் கேட்பதை நிறுத்திவிடுகிறாள். அவள் கேட்பதை நிறுத்தியதும் அவன் கவனிக்கவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகைச் சத்தம் வெளியே வராதாம். வாரத்துக்கு ஒரு தடவை அப்பா போனில் கூப்பிடுகிறார். "நல்லா இருக்கேன்பா" என்கிறாள். அந்த மனிதரும் நம்பிக்கொண்டு, மகள் நன்றாக இருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு, ஒருநாள் போனைக் கையில் வைத்தபடியே நாற்காலியில் போய்விடுகிறார். சாகும்போது அவர் முகத்தில் திருப்தி இருந்தது என்று எழுதியிருக்கிறது. அந்தத் திருப்தியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பச்சை அட்டையில் வழுக்கி விழுந்தது பெரிதில்லை, தரை ஈரமாக இருந்தால் யாரும் விழுவார்கள்.

உடனே மகளுக்குப் போன் போடச் சொன்னேன். உங்கள் அத்தை போட்டுக் கொடுத்தார்.

"எப்படிம்மா இருக்க?"

"நல்லா இருக்கேன்பா."

அச்சில் இருந்த அதே வார்த்தை, அதே 'பா'. "அங்க என்னம்மா தண்ணி சத்தம்?" என்று கேட்டேன்.

"பாத்திரம் கழுவுறேன்பா."

"மாப்பிள்ளை என்ன பண்றாரு?"

"உள்ள எழுதிட்டு இருக்காருப்பா. ஏன்பா, உங்க குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கேன்" என்றேன். சொன்ன பிறகுதான் நானும் அதையே சொல்கிறேன் என்று உறைத்தது. போனை வைத்ததும் உங்கள் அத்தை பிடித்துக்கொண்டார். "பாத்திரம் கழுவுனா தண்ணி சத்தம் கேக்கத்தான் செய்யும். எழுத்துத் தெரியாம இருந்தப்ப மனுஷன் நிம்மதியா குறட்டை விட்டீங்க. இப்ப என் தூக்கத்தையும் சேத்துக் கெடுக்குறீங்க" என்றார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது சரி, பாத்திரச் சத்தம் கேட்கவில்லையே என்று கேட்டேன். அவரே எழுந்து போய் ஒரு தட்டைக் குழாயடியில் பிடித்துக் கழுவிப் பார்த்தார். தட்டு சத்தம் போட்டது. அவர் முகம் வாடிவிட்டது. அன்று இரவே புத்தகத்தைத் துணி அலமாரியின் மேல் தூக்கிப் போட்டுவிட்டார். கடைசி அத்தியாயத்தை நான் படிக்கவில்லை. எக்கினால் எடுத்துவிடலாம், எடுக்கத் தைரியம் இல்லை.

முடி வெட்டப் போன இடத்தில் சலூன்காரரிடம் வாயைக் கொடுத்தேன். அவர் வாடிக்கையாளருக்காக வாங்கிப்போடும் எல்லாவற்றையும் தானே படித்து முடிக்கிறவர்.

"கதைங்கிறது பொய்ண்ணே. அதுக்குப் போய் ஒடஞ்சு போறீங்களே. தலையை ஆட்டாதீங்க, காது போயிடும்."

"எல்லாமே பொய்யா?"

"எல்லாமே."

"எல்லாமே பொய்யுன்னா அதை எதுக்குத் தம்பி காசு குடுத்து வாங்குறாங்க?"

அவர் கத்தரிக்கோலை நிறுத்திக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "முக்காவாசி பொய்ண்ணே" என்றார். மீதிக் கால்வாசி எது என்று கேட்டேன். "அது எழுதுனவனுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதனால்தான் எழுதினவரிடமே கேட்கிறேன். ஏன் போனில் கேட்கவில்லை என்று நினைப்பீர்கள். போனில் கேட்டால் "எல்லாம் நல்லபடியா போகுது மாமா" என்பீர்கள். கல்யாணமானதிலிருந்து அதைத் தவிர நீங்கள் என்னிடம் வேறு எதுவும் பேசியதில்லை, நானும் அதற்கு மேல் கேட்டதில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் நீங்கள் மனதில் இருப்பதைச் சொல்கிறீர்கள் என்று இந்தப் புத்தகத்தில் தெரிந்துகொண்டேன். அந்தப் புருஷன் தன்னைப் பற்றி ஓர் இடத்தில்கூட நல்லவிதமாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அப்படி எழுதுகிறவனிடம் நியாயம் இருக்கும். என்னைக் கொன்றதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை, வயதானவன், நாலாவது நாவலிலும் தாராளமாகக் கொல்லுங்கள். என் மகள் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாளா இல்லையா என்பதை மட்டும் எனக்கு எழுத்தில் சொல்லுங்கள். உட்கார்ந்திருந்தால் நீங்கள் எழுந்து போய்க் கதவைத் தட்டுங்கள். நான் படித்த வரைக்கும் புத்தகத்தில் அவன் தட்டவே இல்லை. தட்டியிருந்தால் புத்தகம் பாதியில் முடிந்திருக்கும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

விரல் வலிக்கிறது, நிறுத்துகிறேன். உங்கள் கைக்கு ஓய்வும், வீட்டுக்குப் பேச்சுச் சத்தமும், இருவருக்கும் நீண்ட ஆயுளும் கிடைக்க வாழ்த்துகிறேன். உங்கள் அத்தையின் ஆசியையும் சேர்த்து எழுதட்டுமா என்று கேட்டேன். "மொதல்ல பதில் வரட்டும்" என்றார்.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் மகளே வந்துவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நிற்கிறாள். மேசைமேல் இருந்த இந்தக் கடிதத்தை எடுத்து, நான் இத்தனை நாள் உட்கார்ந்து எழுதியதை நின்றபடியே படித்து முடித்தாள். முதல் பக்கத்திலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். "அப்பா, இது எதுவுமே அவர் எழுதினது இல்லப்பா. பேருதான் ஒண்ணு. முன்னால இருக்கிற இனிஷியலப் பாருங்க, இது வேற யாரோ" என்றாள். பெயரைப் படித்து முடிப்பதே எனக்குப் பெரிய வேலை, அதன் முன்னால் நிற்கிற ஒற்றை எழுத்தை யார் கவனித்தது. அப்படியானால் மாப்பிள்ளை எதை எழுதுகிறார் என்று கேட்டேன். "மிக்ஸி வாங்குனா பெட்டிக்குள்ள ஒரு காகிதம் மடிச்சு வெச்சிருப்பாங்களே, அது" என்றாள். உங்கள் அத்தை எங்கள் மிக்ஸியின் காகிதத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். படித்தேன். 'ஈரக் கையால் தொடாதீர்கள். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதிக நேரம் தொடர்ந்து ஓடவிடாதீர்கள்.' ஒருவரும் சாகவில்லை. சாகாமல் இருக்க வழி சொல்லியிருக்கிறீர்கள். மூன்று நாவலிலும் இவ்வளவு அக்கறையாக ஒரு வரி கிடையாது. உங்களை வேறொருவனாக நினைத்து வாய்க்கு வந்தபடி எழுதியதற்கு மன்னியுங்கள். தண்ணீர்ச் சத்தத்தைப் பற்றி அவளிடம் கேட்டேன். அன்றைக்குக் கழுவியது பிளாஸ்டிக் டப்பாவாம்.

கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்கு முன் அவள் பெட்டியை உள்ளறையில் வைப்போம் என்று தூக்கினேன். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். மூடும்போது ஜிப்பில் மாட்டிக்கொண்டு, கம்பளிச் சட்டையின் கை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இங்கே இப்போது மின்விசிறியை நிறுத்தினால் உட்கார முடியாத வெயில். குளிர் வர இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது. அந்தக் கையை உள்ளே தள்ளி ஜிப்பை மூடிவிட்டு வந்தேன். அவள் சமையலறையில் அம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. புத்தகங்களைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். மற்றதற்குப் பதில் எழுத வேண்டாம், புறப்பட்டு வாருங்கள்.