சம்பந்தியம்மாவிடம் நான் பேசிய துருக்கி மொழி

ஒரு மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. சும்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். முழுதாகத் தெரிந்தவனாலும் ஆபத்தில்லை. மொபைல் ஆப்பில் கொஞ்ச நாள் படித்துவிட்டுச் சபையில் எழுந்து நிற்கிறானே, அவனைத்தான் கட்டிப்போட வேண்டும். எங்கள் வீட்டில் என்னைக் கட்டிப்போட யாருக்கும் தோன்றவில்லை.

என் அக்கா சுமதிக்கு ஜெர்மனியில் வேலை. அங்கே கூட வேலை பார்த்த எம்ரே என்ற துருக்கிக்காரரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொன்னபோது, திருத்தணியில் எங்கள் வீட்டில் பல நாள் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. நைனா பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஊர், மதம், சாப்பாடு என்று ஒவ்வொன்றாகப் பேசி அக்கா அவரை வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஒன்றில் மட்டும் அவர் அசையவில்லை.

"அந்தம்மாவும் நானும் எதிரெதிர்ல ஒக்காந்துகினு இன்னா பேசறது? பேச்சே இல்லாம இன்னா சம்பந்தம்?"

எம்ரேயின் அம்மாவுக்குத் துருக்கி தவிர வேறு மொழி தெரியாது. அவரே நேரில் பெண் கேட்க வருவதாக முடிவானது. பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்றார் நைனா. பேச்சுக்கு நான் பொறுப்பு என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு ஆப்பை இறக்கினேன்.

முதல் பாடத்திலேயே தலைகால் புரியாத சந்தோஷம். 'எவ்' என்றால் வீடு. 'புயூக்' என்றால் பெரிசு. 'எவ் புயூக்' என்றால் வீடு பெரிசு. அவ்வளவுதான். இங்கிலீஷில் நடுவில் ஒரு 'இஸ்' வந்து உட்காருமே, அது இல்லை. அப்படியே நம்ம தமிழ். மிச்சத்தையெல்லாம் வார்த்தையின் வாலில் ஒட்டவைக்க வேண்டியதுதான். அதுவும் நம்ம வழக்கம்தான். அடுத்த பாடத்தில் 'ஸிஸ்' என்றால் 'நீங்க' என்று வந்தது. எனக்குள் இருந்த இலக்கண மேதை விழித்துக்கொண்டான். நாம் 'சரி'யோடு 'ங்க' சேர்த்து மரியாதை கொடுப்பதில்லையா? அவர்கள் 'ஸிஸ்' சேர்ப்பார்கள் போலிருக்கிறது. (ஆப் இப்படிச் சொல்லவே இல்லை. நானாகக் கண்டுபிடித்தது.)

சம்பந்தியம்மாவுக்காக ஒரே ஒரு வாக்கியம் தயாரித்தேன். 'ஓலுனுஸ்' என்றால் உங்கள் பிள்ளை. 'தெர்பியே' என்றால் நல்லொழுக்கம். கடைசியில் மரியாதைக்கு என் 'ஸிஸ்'. உங்கள் பிள்ளை ஒழுக்கமானவர். பெற்ற தாயிடம் இதைவிட வேறென்ன சொல்ல வேண்டும்? கே.ஜி.கண்டிகை டீக்கடையில் நண்பர்களிடம் சொல்லிக்காட்டிக் கைதட்டல்கூட வாங்கிவிட்டேன்.

அக்காவும் எம்ரேயும் கூட வர, எம்ரேயின் அம்மா நெர்மின் கை நிறைய இனிப்புப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். எம்ரே அவரை 'அன்னே, அன்னே' என்று கூப்பிட்டதைக் கேட்டு என் அம்மா அரண்டுபோய், பெற்றவளை எதற்கு அண்ணே என்கிறார் என்று என் காதில் கேட்டாள். துருக்கியில் அம்மாவுக்கு அதுதான் பெயர் என்று விளக்கினேன். அதோடு வீட்டில் எல்லோருக்கும் என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

காபி வந்தது. எல்லோருக்கும் சிரித்துச் சிரித்து வாய் வலித்தது. நைனா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எழுந்தேன். அக்கா வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். நான் எங்கே அவளைப் பார்த்தேன்?

"ஓலுனுஸ் தெர்பியேஸிஸ்," என்றேன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற குரலில்.

நெர்மின் அம்மாவின் காபி டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. எம்ரேயின் முகம் வெளுத்தது. சரியாகக் காதில் விழவில்லை போலும் என்று, எம்ரேயை விரலால் சுட்டிக்காட்டி, நிறுத்தி நிதானமாக மறுபடியும் சொன்னேன்.

வார்த்தையின் வாலில் ஒட்டுகிற 'ஸிஸ்' மரியாதை இல்லையாம். 'இல்லாத' என்று அர்த்தமாம். பெண் கேட்க வந்தவரிடம், 'உங்கள் பிள்ளை ஒழுக்கம் கெட்டவன்' என்று இலக்கணப் பிழையே இல்லாமல் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருந்தால்கூட நியாயம். அவரோ நான் சொன்னதை நம்பிவிட்டார். இந்த வீட்டுப் பெண்ணிடம் தன் பிள்ளை ஏதோ முறைதவறி நடந்திருக்கிறான், அதனால்தான் தம்பிக்காரன் சபையில் எழுந்து கேட்கிறான் என்று முடிவுகட்டிவிட்டார். டம்ளரைக் கீழே வைத்தார். ஆறடிப் பிள்ளையின் காதைப் பிடித்துத் திருகி, மூச்சு விடாமல் திட்ட ஆரம்பித்தார். அக்கா தனக்குத் தெரிந்த அரைகுறைத் துருக்கியில் குறுக்கே பாய்ந்து விளக்கி முடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

விஷயம் புரிந்ததும் நெர்மின் அம்மா என்னையே பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நைனா என்னை உள்ளே கூப்பிட்டு, நான் என்ன சொன்னேன், அந்த அம்மா எதற்குத் திட்டினார் என்று அக்காவிடம் முழுதாகக் கேட்டார். அடி நிச்சயம் என்று நினைத்தேன். அவர் அம்மா பக்கம் திரும்பினார்.

"தப்புன்னு தெரிஞ்ச ஒடனே, பெத்த புள்ளயாச்சேன்னு பாக்கல பாரு. நம்ம பொண்ணு அந்த வூட்ல நல்லா இருக்கும். தட்டு மாத்திக்கலாம்."

கல்யாணம் நடந்தது. என் பெயர்தான் போய்விட்டது. நெர்மின் அம்மா வீடியோ காலில் வந்தால் முதலில் "தெர்பியேஸிஸ்" எங்கே என்றுதான் தேடுகிறார். அக்கா மகளும் மழலையில் அதையே பிடித்துக்கொண்டாள். இதைக் கேட்டுக் கேட்டு, பொதட்டூர்பேட்டைப் பெரியம்மா அது துருக்கியில் தாய்மாமனுக்குக் கொடுக்கிற பட்டம் என்று நம்பிவிட்டார். குழந்தைக்கு மலைமேல் காதுகுத்து வைத்தபோது பத்திரிகை அச்சடிக்கும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தோம். சொந்தக்காரர்கள் எல்லோர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் நான் பார்த்தேன். தங்க எழுத்தில் அச்சாகியிருந்தது: 'தாய்மாமன் தெர்பியேஸிஸ் தணிகாசலம்.'