எகிப்து ராஜாவும் காணை ராஜாவும்

திண்டிவனம்,
புதன்கிழமை.

மதிப்பும் பாசமும் குறையாத ராஜா சித்தப்பாவுக்கு,

கலையரசி வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் போன சனிக்கிழமை நீங்கள் உயிரோடு இருப்பதை நானும் நம் சொந்தக்காரர்களில் பாதிப் பேரும் நேரிலேயே பார்த்துவிட்டதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். சித்திக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு. உங்கள் போன் அன்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது. ‘எப்போ எடுக்குறாங்க’ என்று உங்களிடமே கேட்டால் யார்தான் திறந்து வைப்பார்கள்? அதனால்தான் தபால். என்னதான் நடந்தது என்று அன்று நீங்கள் கேட்டீர்கள், நான் பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். இப்போது சொல்கிறேன். கூடவே ஒரு விண்ணப்பமும் இருக்கிறது. அது அப்பாவைப் பற்றியது.

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பழைய எகிப்து அருங்காட்சியகம் என்று கண்காட்சி போட்டிருக்கிறார்கள், பொது அறிவுக்கு ஆகும், வா என்று சன்மதி நோட்டீஸைக் கொண்டுவந்தாள். அவளை அன்று பார்த்திருப்பீர்கள், கண்ணாடி போட்ட பெண். செஞ்சிப் பக்கம், சமணக் குடும்பம். இரண்டு பேரும் ஒன்றாக அரசுத் தேர்வுக்குப் படிக்கிறோம், ஒன்றாகத் தோற்கிறோம். போனோம். உள்ளே அட்டைப் பிரமிடு, பானைகள், பூனைத் தலை வைத்த சாமி, நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் துணி சுற்றிய ஒரு ராஜா. அசல் இல்லை, சுண்ணாம்பு மாவில் செய்த மாதிரி உருவம் என்று பலகையிலேயே எழுதியிருந்தது. டை கட்டிய ஒருவர் விளக்கம் சொன்னார். செத்த பிறகும் ராஜாவுக்கு உழைக்க ஆள் வேண்டுமாம், அதற்காக மண்வெட்டி பிடித்த சின்னச் சின்ன பொம்மைகளைக் கூடவே புதைப்பார்களாம். மேல் உலகம் போயும் ஒரு வேலையைத் தானாகச் செய்ய மாட்டான் போலிருக்கிறது. ரத்தம் கலக்கக் கூடாது என்று கூடப் பிறந்தவளையே கட்டிக்கொள்வார்களாம். அதைக் கேட்டதும் நம் தெருப் பெரியவர்களை ஒரு வேன் பிடித்து அழைத்து வந்திருக்கலாம், கைதட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் அம்மா போன் பண்ணினாள். மண்டபத்தின் ஒலிபெருக்கியில் எகிப்து இசை என்று ஏதோ ஒன்று சங்கு ஊதுவதுபோல ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

“எங்கடி இருக்க?”

“விழுப்புரத்துலம்மா. ராஜா பக்கத்துல நிக்கிறோம்.”

அம்மா கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த ராஜாவா?” என்றாள்.

நம் வீட்டில் ‘அந்த’ என்றால் நீங்கள்தான். நாம் ஊர்த் தெரு, சித்தி காலனி. அந்தக் கல்யாணம் நடந்த நாளிலிருந்து உங்கள் பெயரை வீட்டுக்குள் சொல்லக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. சொல்லியே ஆக வேண்டுமென்றால் ‘அந்த’ என்பதை முன்னால் போட்டுக்கொண்டு அம்மா மெதுவாகச் சொல்வாள். சத்தியமாக எனக்கு அது அந்த நேரத்தில் தோன்றவில்லை. காலையில் அவளிடம் நோட்டீஸைக் காட்டியிருந்தேன், அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

“ஆமாம்மா, அந்த ராஜாதான். படுக்க வச்சிருக்காங்க. உடம்பெல்லாம் துணி சுத்தி, மூஞ்சி மட்டும் தெரியுது.”

“ஐயோ! எப்படிடி செத்தாரு?”

“அது யாருக்கும் சரியா தெரியலையாம். சின்ன வயசுதான். யாரோ அடிச்சுக் கொன்னுருப்பாங்கன்னு ஒரு பேச்சு இருக்காம்.”

சன்மதிக்கு வாய் சும்மா இருக்காது. என் தோளுக்கு மேலே எட்டி, “குடல எல்லாம் வெளிய எடுத்துட்டாங்க ஆன்ட்டி! மூளையக்கூட மூக்கு வழியா உருவிட்டாங்களாம்!” என்று கத்தினாள்.

“மூளையுமா? இப்பல்லாம் அப்படியா பண்றாங்க?”

“அப்பவே அப்படித்தான் ஆன்ட்டி!”

அம்மா எதையோ போட்டு உடைத்த சத்தம் கேட்டது. அதற்குள் காவலாளி வந்து, போன அணைங்க மேடம், ராஜா முன்னாடி பேசக்கூடாது என்று விரட்டினார். அணைத்துவிட்டேன். பிறகு மதியம் வரைக்கும் நாங்கள் அங்கேதான் சுற்றினோம். எகிப்து எழுத்தில் எங்கள் பெயரை எழுதித் தரச் சொன்னோம், சன்மதி பெயரில் ஒரு பாம்பும் என் பெயரில் இரண்டு கழுகும் வந்தன. வெளியே வந்து போனைத் திறந்தால் வாட்ஸப்பில் கண்ணீர் அஞ்சலி. உங்கள் படம். போட்டவன் நம் கெங்கம்மாள் அத்தை மகன் தென்னரசு. உங்கள் படத்தைவிட, கீழே கைகூப்பி நிற்கும் அவன் படம் பெரிதாக இருந்தது. சித்தப்பா, நான் நம்பினேன். அந்த ராஜாவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் சித்தப்பா போய்விட்டாரே என்று உங்கள் காணைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் வாய்விட்டு அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் போனார். இந்தச் செய்தி புறப்பட்டதே என் வாயிலிருந்துதான் என்று ஒரு சின்னச் சந்தேகம்கூட வரவில்லை. உங்களை யாரோ கொன்றுவிட்டார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், கேட்ட ஒருவருக்குக்கூட அது நம்ப முடியாததாக இல்லை. நடந்ததில் எனக்கு இன்னும் சிரிப்பு வராத இடம் அதுதான்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது கெங்கம்மாள் அத்தை தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பூட்டியிருந்த உங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். கண்ணை இறுக மூடி, “பூவாட்டம் பொண்டாட்டிய வச்சுக்கினு பொழைக்கத் தெரிஞ்ச புள்ளையே, மனசு கோணாத மகராசிய தவிக்கவுட்டுப் போனியே” என்று சித்தியைப் புகழ்ந்து ஒப்பாரி வைத்தாள். அன்று வரைக்கும் சித்தியின் முகத்தை அவள் பார்த்ததில்லை. அப்போதுதான் நீங்கள் பம்ப்செட்டில் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்தீர்கள்.

“யாருக்கா செத்தது?”

“என் தம்பிடா. அழ வுடு, நடுவுல பேசாத.”

“நாந்தாங்கா உன் தம்பி.”

அத்தை கண்ணைத் திறந்து, அலறி, எழுந்து, உங்கள் கன்னத்தில் ஒன்று வைத்து, “அப்புறம் எதுக்குடா இவ்ளோ நேரம் அழவுட்ட, பேஜாரு புடிச்சவனே?” என்றாளே, அந்த அறைக்கு நான்தான் பொறுப்பு. மன்னிக்க வேண்டும். அடுத்து அப்பா வந்தார். மண்டியில் மல்லாட்டை மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தவர் செருப்புக்கூடப் போடாமல் பஸ் ஏறியிருக்கிறார். கையில் ரோஜா மாலை. உங்கள் தெரு முனையிலிருந்தே, “எவன்டா என் தம்பி மேல கைய வச்சவன்? வெளிய வாடா!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். எட்டு ஊருக்குக் கேட்டிருக்கும். வந்தவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். “கல்யாணத்துக்குப் போட வேண்டிய மாலண்ணே. லேட்டா எடுத்துக்கினு வந்திருக்க” என்றீர்கள். மாலை அவர் கையிலிருந்து நழுவியது, உங்கள் ஆடு அதை உடனே கவனித்துக்கொண்டது.

பிறகு யார் சொன்னது, யார் சொன்னது என்று விசாரணை. தென்னரசு என் அம்மாவைச் சொன்னான், அம்மா போனிலேயே, “கலையரசி பக்கத்துல நின்னு பாத்தாளே!” என்றாள், எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சன்மதிதான் முதலில் புரிந்துகொண்டாள். “நாங்க எறும்பக்கூட மிதிக்கறதில்ல. நீ ஒரே போன்ல ஒரு ஆளையே முடிச்சிட்டியேடி!” என்றாள். அப்போது இடையில் கடையிலிருந்து திரும்பியிருந்த சித்தி தட்டு நிறைய டீயோடு வெளியே வந்தார்கள். ஒரு கையும் நீளவில்லை. கெங்கம்மாள் அத்தைதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சாவு வீட்டுல பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாதும்மா” என்றாள்.

“இது சாவு வீடு இல்லையே அத்த, ஆளு நிக்கிறாரே” என்றாள் சன்மதி. “சித்தி, எனக்கு ஜல்தி குடுங்க. பொழுது சாஞ்சுட்டா நாங்க எதையும் வாயில வைக்க மாட்டோம்.”

அவள் வீட்டு விதி சூரியனைப் பார்க்கிறது. நம் வீட்டு விதி டம்ளரை நீட்டும் கையைப் பார்க்கிறது. அவள் குடித்தாள், நான் குடித்தேன், வேறு காரணம் ஒன்றும் அகப்படாததால் அத்தையும் குடித்தாள், இன்னும் ரெண்டு சக்கரை போட்டிருக்கலாம் என்றும் சொன்னாள். அப்பா மட்டும் வாங்கவில்லை. பஸ் போயிடும் என்று வெறுங்காலோடு நடந்துவிட்டார். தட்டில் ஒரு டம்ளர் மிஞ்சியதையும், சித்தி அதை உள்ளே எடுத்துப்போகாமல் நின்றுகொண்டிருந்ததையும் நான் பார்த்தேன். அதனால்தான் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் ஓடினேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். “சாவுன்னு போனேன். சாவு இல்லன்னு ஆயிடுச்சு. அதனால போனதும் இல்லன்னு ஆயிடுச்சு.” அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்ததற்கு, “பழைய உத்தரவு அப்படியேதான் இருக்கு” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒருவன் செத்தால்தான் தம்பி, உயிரோடு இருந்தால் ‘அந்த’ என்று சொல்லும் ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இவர்கள் மானம் என்கிறார்கள். ஆனால் நேற்றுச் சாப்பிட உட்கார்ந்தவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு, “ஏன் இவ்ளோ இளைச்சுப் போயிட்டான்?” என்றார். யாரு என்று அம்மா கேட்டாள். ஒண்ணுமில்லை என்று கை கழுவிவிட்டார்.

அதனால் என் விண்ணப்பம் இதுதான். அவராக வர மாட்டார், எனக்கு அவரைத் தெரியும். வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சித்தியையும் பாப்பாவையும் அழைத்துக்கொண்டு இங்கே வர வேண்டும். பின்பக்கமாக வேண்டாம், நேராக வாசல் வழியாக, தெரு பார்க்க வர வேண்டும். கதவை நான் திறக்கிறேன். அப்பா கத்தினால் அதற்கும் நானே பதில் சொல்கிறேன். அவர் அசைய மாட்டார் என்பதால் நீங்கள்தான் அசைய வேண்டும் என்று கேட்பது அநியாயம் என்று தெரிந்தே கேட்கிறேன்.

நீங்கள் நீண்ட காலம் வாழ வேண்டும், அப்படி வாழ்வதை அவ்வப்போது போனைத் திறந்து எங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்களைத் தெரியாமல் சாகடித்த மகள்,
கலையரசி.

பி.கு.: ஸ்டாம்ப் ஒட்டிவிட்டதால் மட்டும் இதை அனுப்புகிறேன். உறையை மூடப்போகும்போது அப்பா எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது சித்தி. மண்டிக்குப் போகிறேன் என்று காலையில் கிளம்பிய மனிதர் உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம், நீங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்களாம். “அவகிட்ட ஏம்மா சொல்ற, இன்னும் எவனாவது செத்துடுவான்” என்று பின்னால் அப்பா குரல் கேட்டது. ஆகவே மேலே அவரைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். சித்தியின் குரல் ஒரு மாதிரி இருந்ததால், என்ன சித்தி, ஏதாவது சொல்லிட்டாரா என்று கேட்டேன்.

“கொழம்புல உப்பு கம்மியாம்மா. மூஞ்சிக்கு நேரா சொல்றாரு உங்கப்பா. நாளைக்கு சரியா போடுறேன்னு சொன்னேன். சரின்னுட்டாரு.”