குழாயடியிலிருந்து டெல்லிக்கு

ஞானதுரை தீர்ப்புச் சொல்லி முடித்தபோது குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது.

தாராவிக் குழாயடியில் ஆவுடையம்மாளுக்கும் இருதயமேரிக்கும் யார் குடம் முதலில் என்று தகராறு. கவுன்சிலர் என்ற முறையில் ஞானதுரை இடையில் புகுந்து, ஆதியோடந்தமாக விசாரித்து, இருவருக்கும் நியாயம் சொன்னார். காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். அவர் பேச்சுக்கு அது போதாது.

"தண்ணி போனா போட்டும். சண்டை ஓய்ஞ்சிட்டுல்லா?" என்றார்.

"ஓய்ஞ்சிட்டு அண்ணாச்சி" என்று ஆவுடையம்மாள் காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

இனிச் சண்டையே வரக்கூடாது என்று மறுநாள் முதல் அவரே வந்து வரிசையை ஒழுங்குபடுத்தினார். ஒவ்வொருத்தியிடமும் புருஷனின் மில் வேலை, பிள்ளையின் படிப்பு எல்லாம் கேட்டுக் கேட்டு அனுப்பியதில் பாதிப் பேருக்குத்தான் முறை வந்தது. மனிதர் சளைக்கவில்லை. மாநகராட்சியில் மல்லுக்கட்டி இரண்டாவது குழாய் ஒன்று போடவைத்தார். கட்சியின் பெரிய தலைவர் வந்து திறக்காத குழாய் ஒரு குழாயா? தலைவர் பூனாவிலிருந்து வரும்வரை அதன் வாயைச் சாக்கால் கட்டிவைத்தார். திறப்பு விழாவுக்கு மேடை போட்டதில் பழைய குழாய்க்கும் வழி அடைபட்டுப்போயிற்று.

இத்தனைக்கும் ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை. தன்மேல் இவ்வளவு பிரியமா என்று ஞானதுரைக்கு உச்சி குளிர்ந்தது.

அதனால்தான் அறுபத்தேழு தேர்தலில் கட்சி அவரைப் பார்லிமெண்டுக்கு நிற்கச் சொன்னபோது தூக்கம் போயிற்று. டெல்லி ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இந்த ஜனங்கள் தன்னை விடுவார்களா, தான் போனால் இவர்கள் கதி என்ன? குழாயடியிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"போங்க அண்ணாச்சி. கண்டிப்பாப் போணும்" என்றாள் ஆவுடையம்மாள். "ஓட்டுக்கு நாங்க பொறுப்பு."

சொன்னதைச் செய்தார்கள். சயானில் தொடங்கிச் செம்பூர் வரைக்கும் வீடுவீடாக ஏறி இறங்கினார்கள். இந்தி ஒரு வார்த்தை தெரியாதவள்கூட மராட்டிக்காரர் வாசலில் கைகூப்பி நின்றாள். ஓட்டுப் போடாத புருஷனுக்குச் சோறு கிடையாது என்று இருதயமேரி சட்டமே போட்டாள். இப்படிக் காசு வாங்காமல் உழைக்கிற ஆட்களை எங்கே பிடித்தார் என்று எதிர்க்கட்சிக்காரரே வாய்விட்டுக் கேட்டார். ஞானதுரை அமோகமாக ஜெயித்தார்.

டெல்லி ரயிலுக்கு வழியனுப்பக் குழாயடியே திரண்டு வந்திருந்தது. எல்லோர் கண்ணிலும் தண்ணீர். கழுத்து நிறைய மாலையோடு ஞானதுரை பெட்டி வாசலில் நின்று கையசைத்தார்.

"அழாதீங்க. மாசத்துல பாதி நாளு இங்கதான் இருப்பேன்" என்றார். "காலையில மொத சோலியே நம்ம குழாயடிதான்."

கண்ணைத் துடைத்த முந்தானைகள் பாதியில் நின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆவுடையம்மாள் மெல்ல முன்னால் வந்தாள்.

"அண்ணாச்சி, டெல்லிக்கும் அங்கிட்டு ஏதாவது எலெக்சன் உண்டுமா? இருந்தா சொல்லுங்க, அதுக்கும் நாங்களே ஓட்டுக் கேக்கோம்."